தொண்ணூற்றொன்பதை யார் போட்டது?

காட்டோடைக்கு நடுவே ஒரு தட்டைப் பாறை கிடந்தது. மழைக்காலத்தில் அதன்மேல் தண்ணீர் ஓடும். கோடையில் தண்ணீர் இறங்கிவிடும். பாறையின் முதுகில் வண்டல் மட்டும் மெழுகிவிட்டது போல் படிந்திருக்கும். நகத்தால் கீறினால் கீறல் அப்படியே நிற்கும்.

இக்கரையில் புளியமரங்கள். அவற்றில் அணில்கள் குடியிருந்தன. அக்கரையில் புல்மேடு. அங்கே வளை தோண்டி முயல்கள் குடியிருந்தன. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நேரில் பார்த்ததே இல்லை. அணில்களுக்குப் பகல்தான் உலகம். பொழுது சாய்ந்தால் பொந்துக்குள் சுருண்டுவிடும். முயல்களோ இருட்டு கட்டிய பிறகுதான் வளையை விட்டு மூக்கை நீட்டும்.

ஆனாலும் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு நடந்தது. அதைக் கொண்டுவந்தது ஒரு மைனா. அந்த மைனா பள்ளிக்கூடத்து ஓட்டுக்கடியில் கூடு கட்டியிருந்தது. எதிர்ச்சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியதாம். அதில் எண்ணெல்லாம் கோடு கோடாக இருக்குமாம். மனிதர்கள் அதை ரோமன் எண் என்பார்களாம். வாத்தியார் அதைப் பாடமாகவும் நடத்துவாராம்.

"ஒரு கோடு இழுத்தா ஒண்ணு. ரெண்டு கோட்டைக் கீழே சேர்த்தா அஞ்சு. குறுக்கே வெட்டினா பத்து," என்று மைனா சொல்லிக்கொடுத்தது. "சின்னது பெரிசுக்குப் பின்னாடி நின்னா கூட்டணும், முன்னாடி நின்னா கழிக்கணும். அம்பதுக்கு மடக்கின கால் மாதிரி போடணும். நூறுக்குப் பிறை மாதிரி."

"நூறுக்கு மேல?" என்று ஓர் அணில் கேட்டது.

"அதுக்குள்ள வாத்தியார் குச்சியால தட்டி விரட்டிட்டாரு."

மைனாவே இரு கரைக்கும் பறந்து விதிகளைப் பேசி முடித்தது. பகலில் அணில்களில் ஒருவர் பாறைக்குப் போய் ஓர் எண்ணைப் போட வேண்டும். இரவில் முயல்களில் ஒருவர் வந்து அடுத்த எண்ணைப் போட வேண்டும். நேற்று போனவர் இன்று போகக்கூடாது. தப்பான எண் விழுந்தாலும் சரி, ஒரு பக்கம் போடாமல் விட்டாலும் சரி, ஆட்டம் முறிந்தது. மறுபக்கம் எல்லாவற்றையும் அழித்துவிடும். விடிந்ததும் அணில்கள் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முறியாமல் நூறைத் தொட்டால் இரண்டு அணிக்கும் வெற்றி. அந்த ஒரு நாள் மட்டும் முயல்கள் கொஞ்சம் முன்னதாகவே, அந்தி வெளிச்சத்திலேயே வந்து நூறைப் போடும். அணில்கள் பொந்துக்குப் போகாமல் காத்திருந்து மொத்தமாக இறங்கி வரும். எல்லோரும் பாறைமேல் கூடி, முதன்முதலாக முகம் பார்த்து, சேர்ந்து தின்ன வேண்டும்.

இவ்வளவையும் பேசி முடித்துவிட்டு மைனா வேறு ஊருக்குப் பறந்துவிட்டது.

முதல் ஆட்டம் பதினேழிலேயே முறிந்தது. வெடுக்கன் என்கிற அணில் அவசரத்தில் ஒரு கோட்டை விட்டுவிட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் பாறை வழுவழுவென்று கிடந்தது. ஓர் எண் இல்லை.

"ஒரு கோடு குறைஞ்சா குடியா முழுகிப்போயிடும்? கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கத் தெரியுதா அந்த முயலுங்களுக்கு?" என்று வெடுக்கன் குதித்தான்.

"நீ பண்ணின தப்புக்கு அவங்களை ஏன்டா திட்டறே?" என்றான் சடையன். அவன்தான் அணில்களுக்குத் தலைவன். "கறாரா இருக்கிறவங்கதான் நல்ல ஜோடி. போ, ஒண்ணு போடு."

அடுத்த ஆட்டம் முறியாமல் போனது. இருபது வந்தது, முப்பது வந்தது. அணில்கள் எண்ணைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஓர் இலந்தைப்பழம் வைத்துவிட்டு வரும். காலையில் கொட்டை மட்டும் கிடக்கும். அதனருகே ஒரு பிடி அறுகம்புல் இருக்கும். அணில்கள் அறுகம்புல் தின்னாது. ஆனாலும் சடையன் அதை எடுத்து வந்து பொந்தில் பரப்பிக்கொள்வான். முகம் தெரியாமலே வளர்ந்த சிநேகம் அது.

கொறிச்சி என்று ஓர் அணில் இருந்தாள். அவளுக்குக் கண் கூர்மை. முயல்கள் போட்ட கோடுகளைப் பார்த்தே ஆளைப் பிரித்துச் சொல்வாள். கோட்டைச் சாய்த்துப் போடுபவனுக்குச் சாய்ச்சான் என்று பேர் வைத்தாள். ஒரு கோடு போடும்போதே இரண்டு நகம் பட்டுவிடுபவளுக்கு இரட்டைக்கீறி. இன்னொருத்தியின் கோடு எப்போதும் லேசாக, பாதியில் ஓடிப்போன மாதிரி இருக்கும். அவளுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர்.

"நேத்து சாய்ச்சான் வந்திருக்கான்," என்பாள். "ரெட்டைக்கீறி எங்கே, ரொம்ப நாளாக் காணோம்?" என்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாள்.

ஐம்பதைத் தாண்டியதும் அணில்களுக்குத் தலைகால் புரியவில்லை. சடையன் காலையும் மாலையும் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருநாள் பருந்து ஒன்று ஓடைக்கு மேலே வட்டம் போட்டது. அன்று வெடுக்கனின் முறை.

"பருந்து போகட்டும் அண்ணே, அப்புறம் போறேன்," என்றான் வெடுக்கன்.

"மேகம் வேற திரண்டு வருது. மழை புடிச்சுக்கிட்டா யாரு போடறது? எண் முறியக்கூடாது. போ."

வெடுக்கன் போனான். எண்ணைப் போட்டுவிட்டு, தலைக்கு மேலே நிழல் ஓட, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். எல்லோரும் அவனை மெச்சினார்கள். ஒருவர்கூட அவனை ஏன் அனுப்பினோம் என்று கேட்கவில்லை. இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அந்த அணில்கள்மேல் முதலில் கோபம் வந்தது இந்த இடத்தில்தான்.

எழுபதைத் தாண்டிய பிறகு ஒரு காலையில் கொறிச்சி பாறைக்குப் போனாள். முந்தின நாள் வைத்த இலந்தைப்பழம் அப்படியே கிடந்தது. அறுகம்புல் இல்லை. எண் மட்டும் சரியாக விழுந்திருந்தது.

"பழம் புளிச்சிருக்கும்," என்றான் சடையன்.

மறுநாளும் பழம் கிடந்தது. அதற்கு மறுநாளும் கிடந்தது. அதன்பிறகு பழமே காணோம். யாரோ காலால் தள்ளித் தண்ணீரில் விட்டிருந்தார்கள். கொட்டையோடு முழுசாக அது கல்லிடுக்கில் மிதந்தது.

அதைவிடக் கோடுகள் கொறிச்சியை உறுத்தின. சாய்ச்சானின் சாய்வு இல்லை. இரட்டைக்கீறியின் இரட்டைக் கீறல் இல்லை. பயந்தாங்கொள்ளியும் இல்லை. எல்லாக் கோடும் ஒரே மாதிரி இருந்தது. ஆழமாக, நேராக, முனையில் ஊசி போலக் கூர்ந்து முடிந்தது. ஒரே நகம் அது. அவளுக்கு முதுகில் மூன்று கோடும் சிலிர்த்தன.

"அண்ணே, ஒரே ஆள்தான் தினமும் வந்து போடுது. அது விதிக்கு விரோதம்," என்றாள்.

"கொறிச்சி, எண் என்ன?"

"எண்பத்தாறு."

"சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் உனக்கு என்ன வந்துச்சு? அவங்க வீட்டு விவகாரத்தை அவங்க பாத்துக்குவாங்க. இந்த நேரத்துல போய் அதைக் கிளறி ஆட்டத்தை முறிச்சிடாதே, தாயி."

கொறிச்சி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் அந்தக் கூர்முனைக் கோடுகள்தான் தெரிந்தன.

தொண்ணூற்று ஏழு போட வேண்டிய நாள் வந்தது. அன்று அவள் முறை. பாறைக்குப் போனாள். XCVI என்று முயல் பக்கத்து எண் நின்றது. அவள் XCVII என்று போட வேண்டும். நகத்தை வண்டலில் வைத்தவள் ஒரு கணம் யோசித்தாள். கடைசிக் கோட்டை வேண்டுமென்றே விட்டாள். தொண்ணூற்றாறுக்குப் பக்கத்தில் இன்னொரு தொண்ணூற்றாறு நின்றது.

'அங்க இருக்கிறது நம்ம முயலுங்கன்னா ராத்திரியே எல்லாத்தையும் அழிச்சுடும்,' என்று நினைத்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் முதல்முறையாக, தான் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

மறுநாள் முதல் ஆளாகப் பாறைக்கு ஓடினாள். பாறை அழியவில்லை. XCVIII என்று அடுத்த எண் விழுந்திருந்தது. அவள் விட்ட இடத்தில் ஒரு கோடு சேர்க்கப்பட்டிருந்தது. அவளுடைய மெல்லிய கோடுகளுக்குப் பக்கத்தில் அது ஆழமாக, கூராக நின்றது.

அவள் ஓடி வந்து சடையனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுமென்றே தப்புப் போட்டதையும் மறைக்கவில்லை.

சடையன் துள்ளி எழுந்தான். "பாவி! ஆட்டம் போயிருக்குமே! நல்லவேளை, அவங்க பெரிய மனசு பண்ணித் திருத்திட்டாங்க. எப்பேர்ப்பட்ட சிநேகிதங்க பாரு!"

"ஒரு கோட்டுக்காகப் பதினேழையும் அழிச்சவங்க அண்ணே அவங்க."

"பழகினா மனசு இளகாதா?"

"எனக்குப் பயமா இருக்கு அண்ணே. இன்னிக்குத் தொண்ணூத்தொம்பது. போடறதுக்குப் பொழுது சாயறவரைக்கும் நேரம் இருக்கு. நான் அக்கரைக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் போடாம இருங்க."

தொண்ணூற்றொன்பதைத் தானே போடுவதாகச் சடையன் முன்பே சொல்லிவைத்திருந்தான். மனமே இல்லாமல் தலையாட்டினான். "வெயில் தாழறதுக்குள்ள வந்துடணும். அதுக்கு மேல யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன்."

கொறிச்சி கல் கல்லாகத் தாவி ஓடையைக் கடந்தாள். அக்கரையில் கால் வைத்ததுமே உடம்பு கூசியது. புல் அவள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. முயல்கள் இருக்கும் மேட்டில் புல் இப்படி வளருமா? ஒருவரும் கடிக்காத புல் அது.

முதல் வளையின் வாயில் சிலந்தி வலை பின்னியிருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். மூன்றாவது வளைக்கு முன்னால் சாம்பல் நிற ரோமம் கற்றையாகக் கிடந்தது. காற்றடிக்கும்போது அது எழுந்து எழுந்து உட்கார்ந்தது. ஒரு பூச்சிகூட இரையவில்லை. அவளுக்குத் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. கால்தான் நகரவில்லை.

"யாராவது இருக்கீங்களா?" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மேட்டின் கடைசியில், முள்வேருக்கு அடியில், ஒரு சின்ன வளைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் தெரிந்தன.

"சத்தம் போடாதே," என்றது ஒரு குரல். "உள்ள வந்துடு. சீக்கிரம்."

உள்ளே ஒரு முயல் இருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். அவள் பெயர் துத்தி.

"நான் அக்கரை அணில். கொறிச்சி," என்றாள் கொறிச்சி. "மத்தவங்கல்லாம் எங்கே?"

துத்தி வளைவாசலை எட்டிப் பார்த்தாள். "உங்க எண்ணைப் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் இல்லை."

"போடாதீங்க. போட்டுடாதீங்க, அக்கா."

பிறகு விக்கி விக்கிச் சொன்னாள். அறுபதைத் தாண்டியபோது ஒருத்தி எண் போடப் போனாள். போட்டாள். திரும்பி வரவில்லை. நல்ல மேய்ச்சல் பார்த்து ஒதுங்கியிருப்பாள் என்று நினைத்தார்கள். மறுநாள் இன்னொருவன் போனான். அவனும் வரவில்லை.

"தேடலையா?" என்று கேட்டாள் கொறிச்சி.

"தேடலாம்னுதான் எங்க அம்மா சொன்னாங்க. ஆனா பொழுது இறங்கிடுச்சு. எண் போட யாரு போறதுன்னுதான் பேச்சு ஓடுச்சு. எண் முறிஞ்சா உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு ஒரே கவலை. ஒருத்தர் வரலைன்னா அடுத்தவரை அனுப்பினோம். அவங்க வரலைன்னா அதுக்கு அடுத்தவரை. தினமும் காலையில எட்டிப் பார்ப்போம். எண் சரியா இருக்கும். அப்பாடான்னு தூங்கப் போயிடுவோம்."

கொறிச்சி அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எல்லாக் கோட்டையும் எண்ணினோம் அக்கா. எங்களை எண்ணவே இல்லை. ஒருநாள் திரும்பிப் பாக்கிறேன், வளையில நானும் அம்மாவும்தான் இருக்கோம். அன்னிக்கு அம்மா போனாங்க."

"அப்புறம்?"

"மறுநாள் நான் போகலை. பயம். ஆட்டம் முறிஞ்சுது, எல்லாம் என்னாலதான்னு அழுதுக்கிட்டே படுத்திருந்தேன். காலையில எட்டிப் பாத்தா எண் விழுந்திருக்கு. நான் போடலை. போடறதுக்கு வேற ஆளும் இல்லை. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அன்னிக்கு ராத்திரி முள்ளுக்குள்ள இருந்து பாத்தேன். காட்டுப்பூனை. எங்க பின்னாலேயே இருந்து கோடு போடறதைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கு."

"எங்களை ஏன் பிடிக்கலை? நாங்களும் தினமும் ஒத்தையாத்தானே பாறைக்கு வர்றோம்?"

"ஒண்ணைப் பிடிச்சா மத்ததெல்லாம் மரத்தை விட்டு இறங்காதுல்ல? நாங்க நூறுக்குப் பிறை போடறதைப் பத்தியும் அன்னிக்கு நடக்கிற விருந்தைப் பத்தியும் ராத்திரியெல்லாம் பேசிக்கிட்டிருப்போம். அது புல்லுல படுத்துக் கேட்டுக்கிட்டிருந்திருக்கு."

கொறிச்சி அவளை உற்றுப் பார்த்தாள். "லேசாக் கோடு போடறது நீதானா?"

துத்தி தலையைக் குனிந்துகொண்டாள். "கை நடுங்கும் அக்கா. உங்களுக்குச் சொல்லணும்னு எத்தனையோ தடவை கிளம்பினேன். வளைவாசல் தாண்டறதுக்குள்ள உடம்பு நின்னுடும்."

அப்போது வெளியே புல் சரசரத்தது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். நான்கு கால்கள் வளைவாசலைக் கடந்து போயின. மெத்தென்ற கால்கள். ஒரு சத்தமில்லை. பிறகு பக்கத்து மரத்தில் நகம் தீட்டும் ஓசை வந்தது. அத்தோடு ஒரு முணுமுணுப்பும் வந்தது.

"தொண்ணூத்தெட்டு ஆச்சு. ஒண்ணு அவங்க. ஒண்ணு நான். அப்புறம் இருபது அணிலுக்குக் குறையாது. நடுப்பாறை. பக்கத்துல ஏற ஒரு மரமில்லை."

அது குழந்தை பாடம் ஒப்பிப்பது போல அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. துத்தி கொறிச்சியின் காலைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து நகத்தின் ஓசை நின்றது. புல் மறுபடியும் சரசரத்து அடங்கியது.

"எங்கூட வந்துடு," என்றாள் கொறிச்சி.

"பகல்ல என்னால கல்லு தாண்ட முடியாது அக்கா. தூரத்துலேர்ந்தே பாத்துடும். நீ சின்னதா இருக்கே. நீ போ."

கொறிச்சி போனாள். எப்படி ஓடையைக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

புளியமரத்தில் அணில்கள் எல்லாம் கூடியிருந்தன. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சடையன் கீழ்க்கிளைக்கு இறங்கி, பாறைக்குப் போகத் தயாராக நின்றான். கொறிச்சி அவன் வழியை மறித்து நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் பூனையை நீ கண்ணால பாத்தியா?" என்று கேட்டான் சடையன்.

"காலைப் பாத்தேன். பேச்சைக் கேட்டேன்."

"துத்தின்னு ஒருத்தி சொன்னா. அவ சொந்தக்காரங்களோட சண்டை போட்டுக்கிட்டு ஒதுங்கினவளாக்கூட இருக்கலாம். இன்னும் ரெண்டே எண் கொறிச்சி. ரெண்டே ரெண்டு. அம்பது நாளா ஒரு பொழுது தப்பாமப் போட்டிருக்கோம்."

"அண்ணன் போய்ப் போட்டுட்டு வரட்டுமே," என்றான் ஒருவன் பின்னாலிருந்து, மெதுவாக.

"அப்ப நீ போறியா?" என்று வெடுக்கன் அவன் பக்கம் திரும்பினான். "பருந்துக்கு அடியில அனுப்பினீங்களே, அந்த வலி எனக்கு இன்னும் நெஞ்சுல இருக்கு. கொறிச்சி சொல்றதைக் கேப்போம்."

கொறிச்சி சடையனின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அண்ணே, இன்னிக்கு ஒரு பொழுது போடாம இருங்க. நாம போடலைன்னா முயலுங்க என்ன பண்ணும்?"

"எல்லாத்தையும் அழிச்சிடும்."

"அழிச்சா நான் சொன்னது தப்பு. நாளைக்குக் காலையில நானே போய் ஒண்ணு போடறேன். நீங்க என்னைக் கூட்டத்தை விட்டே தள்ளி வையுங்க. அழிக்கலைன்னா?"

சடையன் கிளையில் முன்னே நகர்ந்து பாறையைப் பார்த்தான். அத்தனை நாள் போட்ட கோடுகள் மாலை வெயிலில் வரிசை வரிசையாகத் தெரிந்தன. இறங்க ஒரு கால் வைத்தான். திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்தான். எல்லாக் கண்களிலும் பயம் இருந்தது. வைத்த காலை எடுத்துக்கொண்டான். அப்படியே கிளையில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

பொழுது சாய்ந்தது. தொண்ணூற்றொன்பது விழவில்லை.

அந்தி வெளிச்சத்தில் அக்கரைப் புல் பிளந்தது. காட்டுப்பூனை வந்தது. அணில்கள் இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டன. பூனை பாறைமேல் ஏறிக் கடைசி எண்ணைப் பார்த்தது. குனிந்து முகர்ந்தது. மறுபடியும் பார்த்தது. தொண்ணூற்றெட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

அது இக்கரை மரங்களைப் பார்த்தது. அணில்கள் பொந்துக்குள் இருப்பதாக நினைத்ததோ என்னவோ. ஆட்டம் முறிந்துவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து காத்திருக்க வேண்டும் என்ற கவலை அதற்கும் வந்திருக்க வேண்டும். முன்காலை நீட்டியது. வண்டலில் நகம் இழுபடும் ஓசை மரம்வரை கேட்டது. XCIX என்று அணில்களின் எண்ணைப் போட்டது. பிறகு பக்கத்திலேயே பிறை போல ஒரு வளைவு கீறியது. நூறு.

போட்டுவிட்டுப் பாறைக்குப் பின்புறம் இறங்கி, வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. முயல் பேசினால் எப்படி இருக்கும் என்று அது நினைத்ததோ, அப்படி ஒரு குரல்.

"நண்பர்களே! நூறு வந்துடுச்சு! எல்லாரும் வாங்க! ஒருத்தர் விடாம வாங்க!"

சின்னதுகள் தாயின் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டன.

சடையன் கிளையின் நுனிக்குப் போனான். அவன் குரல் உடைந்திருந்தது.

"தொண்ணூத்தொம்பது எங்களோடது. நாங்க இன்னும் போடலையே. அதை யார் போட்டது?"

பிறகு பூனை எழுந்து பாறைமேலேயே வந்து உட்கார்ந்தது. இனி ஒளிந்து என்ன பயன் என்று நினைத்ததோ, தன் சொந்தக் குரலில் பேசியது.

"யார் போட்டா என்ன? எண் முறியாம வந்துடுச்சே. உங்களுக்கு அதுதானே வேணும்?"

சடையன் கிளை நுனியிலிருந்து பின்வாங்கினான்.

பூனை இருட்டும்வரை உட்கார்ந்திருந்தது. பிறகும் சில நாள் வந்தது. ஒவ்வொரு அந்தியிலும் அதே பாறையில் உட்கார்ந்து மரங்களைப் பார்த்தது. அணில்கள் தரையில் கால் வைக்கவே இல்லை. இலையையும் பட்டையையும் கொறித்து நாளை ஓட்டின. அக்கரையிலும் துத்தி முள்வேரை விட்டு வெளியே வராததால் பூனைக்கு இரை கிடைக்கவில்லை. ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டதாகக் காக்கைகள் சொல்லின.

அதன்பிறகும் ரொம்ப நாள் கழித்துத்தான் சடையன் கீழே இறங்கினான். தனியாகப் பாறைக்குப் போனான். தன் வாலாலேயே எல்லா எண்களையும் துடைத்தான். ஒரு கோடுகூட மிச்சம் வைக்கவில்லை. மற்ற அணில்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்து அவனைச் சுற்றி நின்றன.

அப்போது அக்கரையிலிருந்து துத்தி வந்தாள். பட்டப்பகலில் வந்தாள். ஒவ்வொரு கல்லிலும் நின்று, நாலாபக்கமும் பார்த்து வந்தாள். பாறைமேல் ஏறியதும் அணில்கள் விலகி வழிவிட்டன. ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும் என்று அத்தனை நாள் ஆசைப்பட்டவர்கள், இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

துத்தி வண்டலில் நகத்தை வைத்தாள். ஒரு கோடு இழுத்தாள். அதன் பக்கத்தில் வேறொன்றும் போடாமல் காலை எடுத்துக்கொண்டாள்.

"புதுசா ஆரம்பிக்கிறியா துத்தி?" என்று கொறிச்சி மெதுவாகக் கேட்டாள்.

"இல்லக்கா," என்றாள் துத்தி. "எங்க பக்கத்து ஆளை எண்ணினேன்."

முறிந்த ஆட்டத்தை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கலாம், ஆனால் போன உயிரை எந்த எண்ணிலிருந்தும் தொடங்க முடியாது.